நல்லா இருக்கா என்று கேட்காதே

டிவி மாட்டிக் கொடுக்கிற வேலையில் திடுக்கிடுவதற்கு என்ன இருக்கிறது என்று என் மருமகள் கேட்கிறாள். கரண்ட் அடிக்குமா என்கிறாள். கரண்ட் என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. ஆனால் தாம்பரத்தில் ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற வீடுகள் நிறைய. அதில் ஒரு வீட்டை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது.

இதை எழுதச் சொன்னது என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள். கடையின் வாட்ஸாப் குழுவில் இன்னும் என்னை வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒரு செய்தி வந்தது. இனிமேல் வீட்டுக்கு ஆள் போய் டெமோ காட்டுவது கிடையாதாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் கருப்புக் கட்டத்தை போனில் காட்டினால் ஒரு வீடியோ ஓடுமாம். அதைப் பார்த்து வாங்கியவர்களே தெரிந்துகொள்ளலாமாம். அந்த வீடியோவையும் போட்டிருந்தார்கள். பளிச்சென்று ஒரு பெண் வந்து ரிமோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள். கடைசியில், "படம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுக் கட்டை விரல் படத்தை அமுக்கச் சொல்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பிரிவில் எதை வேண்டுமானாலும் மறக்கலாம், அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டு தேவசகாயம் சார் முன்னால் போய் நிற்க முடியாது. குழுவில் கோபமாக நாலு வரி எழுதிப் போட்டேன். "அக்கா, அந்தக் கீழ்க்கட்டளை கேஸை முழுசா எழுதுங்க. புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது. என் பேரைப் போட்டே எழுதுங்க, பரவால்ல" என்று பாபு பதில் போட்டான். அவன் பேரைப் போட்டே எழுதுகிறேன்.

நான் முதலில் நின்றது மிக்ஸி, கிரைண்டர் பிரிவில். அங்கிருந்து டிவிக்கு மாற்றினார்கள். "பொம்பளைக்கு டிவியைப் பத்தி என்ன தெரியும், வேற ஆளைக் கூப்பிடும்மா" என்று சொன்ன வாடிக்கையாளர்களையும், தெரியாததையெல்லாம் தெரிந்த மாதிரி அளந்துவிட்ட கூட்டாளிகளையும் சமாளித்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அது தனிக் கதையாகிவிடும். வயசானவர்கள் வீட்டு டெமோ என்றால் விஜயாவை அனுப்பு என்று ஆனது கொஞ்ச காலம் கழித்துத்தான். அப்படி ஆக்கியவர் தேவசகாயம் சார்.

அவர் எங்கள் பிரிவு மேலாளர். ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி. கத்திக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்கூட இவர் சொல்வது காதில் விழ வேண்டுமே என்று குனிவார். குனிந்த பிறகு கத்த முடியாது. எங்களில் யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. "என்ன பார்த்தீங்க?" என்பார். அவ்வளவுதான். பார்த்ததைச் சொன்னால், "அப்புறம் என்ன பார்த்தீங்க?" என்பார். அதற்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக ரெண்டு அறை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். வீட்டில் சாப்பாடு போடும்போது மனைவியிடமும் "சாம்பாரில் என்ன பார்த்தீங்க" என்றுதான் கேட்பார் போல என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

வயசானவர்களுக்கு டிவி தேர்ந்தெடுக்க அவர் வைத்திருந்த முறை இது. மகனோ மகளோ வந்தால் நேராகப் பெரிய திரைக்குத்தான் போவார்கள். பாசத்தை இன்ச்சில் காட்டுவார்கள். சார் அவர்களைத் திரையைப் பார்க்கவே விடமாட்டார். முதலில் ரிமோட்டைக் கையில் கொடுப்பார். "கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தைக் குறைங்க பார்க்கலாம்" என்பார். சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிற பிள்ளைகள்கூடத் தடவித் தடவி வேறு எதையோ அமுக்குவார்கள். எந்த ரிமோட்டில் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் குறைக்க முடிகிறதோ, அந்த டிவி. போட்டவுடன் ஏழெட்டுப் படத்தை வரிசையாகக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிற டிவி வேண்டாம். கடைசியாகப் பார்த்த சேனலில் நேராகப் போய் நிற்கிற டிவி வேண்டும். ஹால் எத்தனை அடி என்று கேட்டுவிட்டு, பெரும்பாலும் முப்பத்திரண்டு இன்ச்சே போதும் என்பார். கடை முதலாளிக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது.

வீட்டுக்குப் போனால் சோபாவில் உட்காரக் கூடாது. அந்தப் பெரியவர் தினமும் எங்கே உட்காருவார் என்று கேட்டு அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது எப்போதும் சோபாவாக இருக்காது. வாசல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கும், இல்லை கட்டில் ஓரமாக இருக்கும், இல்லை தரையில் சுவரில் சாய்ந்த இடமாக இருக்கும். அங்கிருந்து பார்த்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். ரிமோட்டில் தேவையில்லாத பட்டன்கள் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டரை ஒட்ட வேண்டும். முக்கியமாக "இன்புட்" பட்டன் மேல். அதைத் தெரியாமல் அமுக்கிவிட்டுத்தான் பாதிப் பேர் டிவி செத்துப் போச்சு என்று போன் செய்கிறார்கள். ஆன் பண்ணுகிற பட்டனில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைப்பது நானாகச் சேர்த்தது. அதைப் பார்த்து சார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எல்லாருடைய பையிலும் ஒரு நகப்பாலிஷ் பாட்டில் இருந்தது. பாபு அதை வீட்டில் மனைவியிடம் விளக்க ரொம்பச் சிரமப்பட்டான்.

கடைசியாக அந்தக் கேள்வி.

"நல்லா இருக்கான்னு கேட்காதீங்க" என்பார் சார். "கேட்டா, நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. வீட்டுக்கு வந்த பிள்ளை வேர்க்க விறுவிறுக்க மாட்டிட்டு நிக்குது, வேற என்ன சொல்ல முடியும்? என்ன தெரியுதுன்னு கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும்."

இதெல்லாம் அதிகப்படி என்று எனக்கு ஆரம்பத்தில் தோன்றியதுண்டு. அந்த நினைப்பு பொழிச்சலூரில் போனது. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டி, போனதும் குறைக்க வேண்டிய ஊர் அது. மகன் வாங்கிக் கொடுத்த டிவியை ஒரு அம்மாவுக்கு மாட்டப் போயிருந்தோம். ஹாலில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஏதோ ஒயர் சொருகியிருந்தது. என்னோடு வந்த ஊழியர் கையை நீட்டி அதைப் பிடுங்கிவிட்டு டிவியைச் சொருகினார். அடுப்படியிலிருந்து வந்த அந்த அம்மா சுவரைப் பார்த்து அலறிய அலறல் இருக்கிறதே, தெருவே கூடிவிட்டது. இறந்து போன கணவரின் படத்துக்குக் கீழே எரிகிற சின்ன சிவப்பு பல்பின் ஒயர் அது. அவர் போனதிலிருந்து ஒரு நாளும் அணையாத பல்பாம். கரண்ட் போனால் எரியட்டும் என்று பக்கத்திலேயே எண்ணெய் விளக்கும் தயாராக வைத்திருந்தார். "வூட்டுக்காரரை அணைச்சிட்டியேடா பாவி" என்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை சாரே அந்த வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. செருப்பை வாசலில் விட்டு, தலையை வாரிக்கொண்டு உள்ளே வந்தவர், அந்த அம்மாவிடம் ஒன்றும் பேசாமல் நேராகப் படத்துக்கு முன்னால் போய்க் கை கூப்பி நின்றார். கிறிஸ்தவர் அவர். ரொம்ப நேரம் நின்றார். பிறகு பல்பின் ஒயர் சுவர் பிளக்கிலேயே இருக்கும்படி, டிவிக்கு வேறு வழியாகக் கரண்ட் இழுத்துக் கொடுத்தார். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு நான் எந்த வீட்டிலும் கேட்காமல் ஒரு பிளக்கையும் தொட்டதில்லை.

இனி கீழ்க்கட்டளை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கலைவாணி என்ற பெண் கடைக்கு வந்தார். மேடவாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை, வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அப்பாவுக்கு சிம்பிளாக ஒரு டிவி வேண்டும் என்றார். அப்பா பெயர் ஏகாம்பரம். பம்மலில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் காலம் முழுக்க வேலை செய்துவிட்டு, மனைவி போன பிறகு கீழ்க்கட்டளையில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார்.

"பழைய டிவிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"நடுவுல கருப்பா புகை மாதிரி தெரியுதுன்னு சொல்றார். நான் போய் பார்த்தேன், ஒண்ணுமே இல்ல. படம் சூப்பரா இருக்கு." அவர் சிரித்தார். "எங்க அப்பா எதையும் நேரா கேட்க மாட்டார் மேடம். செருப்பு தேஞ்சு போனா, புதுசு வேணும்னு சொல்ல மாட்டார், ரோட்டுல கல்லு ஜாஸ்தியாயிடுச்சும்பார். வேட்டி வேணும்னா, சோப்பு சரியில்லம்பார். இப்ப புது டிவி ஆசை வந்திருக்கு. டிவி கெட்டுப்போச்சுங்கறார்."

நாங்களும் சிரித்தோம். எங்கள் அப்பாக்களும் அப்படித்தானே. பிள்ளைகளிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறவர்கள். அந்தச் சொல்லாததைப் புரிந்துகொண்டு வாங்கிக் கொடுப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம். கலைவாணி நல்ல பிள்ளை. கண்ணை மூடி ரிமோட்டைத் தடவி, ஒரு டிவியைத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாளிலிருந்து என்னைப் புதிதாகத் திறந்த கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். சாரும் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தார். மாட்டப் போனவன் பாபு. எல்லாம் முடித்து, "நல்லா இருக்கா ஐயா?" என்று கேட்டிருக்கிறான். "நல்லா கீதுப்பா" என்று பெரியவர் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அடுத்த வாரம் புகார் வந்தது. புது டிவியிலும் நடுவில் புகை. கம்பெனி மெக்கானிக் போனார், பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மறுபடி புகார். கலைவாணி கடைக்கு வந்து சண்டை போட்டார். சார் இடத்தில் இருந்தவர் தலைவலி விட்டால் போதுமென்று வேறு டிவியை மாற்றிக் கொடுத்தார். அதிலும் புகை. அதற்குள் பெரியவருக்குக் கடையில் "புகை தாத்தா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன் மணி அடித்தால், "புகை தாத்தாவா பாரு" என்று ஒரு சிரிப்பு.

சார் லீவு முடிந்து வந்தார். நானும் திரும்பியிருந்தேன். விஷயத்தைக் கேட்டார். பாபுவும் மற்றவர்களும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சார் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர் என்ன பார்க்கிறார்னு யாராவது கேட்டீங்களா?" என்றார். என் பக்கம் திரும்பினார். "விஜயா, நீங்க போயிட்டு வாங்க."

பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். காலை வெயில் ஏறியிருந்தது. ஏகாம்பரம் ஐயா கட்டம் போட்ட லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாகக் கதவைத் திறந்தார். உயரமான, திடமான மனிதர். இடது கண் மட்டும் பால் போல வெளுத்திருந்தது. நான் பார்ப்பதை உணர்ந்தவர் போல அவரே சொன்னார்.

"அது சின்ன வயசுல போனதும்மா. தோலு ஊறப்போடற தொட்டியில சுண்ணாம்புத் தண்ணி தெறிச்சிச்சி. அப்பாலேர்ந்து ஒத்தக் கண்ணுதான். அதுலயே எல்லா வேலையும் பாத்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணு எங்கூட பேசறதில்லம்மா. எந்த டிவி வாங்கினாலும் உனக்குக் கொறைதான், இனிமே டிவியே கெடையாதுன்னுட்டா. நான் பொய் சொல்ற ஆளு இல்லம்மா. பொகை கீது. கீறதத்தானே சொல்றேன்?"

அவர் உட்காரும் நாற்காலியில் நான் முதலில் உட்கார்ந்து பார்த்தேன். டிவி சரியான உயரத்தில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கவில்லை. படம் கண்ணாடி போல இருந்தது. பிறகு அவரை உட்காரவைத்துச் செய்தி சேனலைப் போட்டேன். ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, என்ன தெரியுது?"

"பச்சைப் பொடவை. பின்னாடி ஏதோ பில்டிங்கு. கீழ எழுத்து ஓடிகினு கீது, ஓரத்துல."

"அந்தப் பொண்ணு முகம்?"

"அதாம்மா சொல்றேன். கழுத்து கீது. அதுக்கு மேல பொகை. மூஞ்சி இல்ல."

"இப்ப மேல் மூலையில இருக்கற சேனல் பேரைப் பாருங்க. புகை எங்க இருக்கு?"

அவர் கண்ணை நகர்த்தினார். "அங்க வந்துட்டுதும்மா."

"கீழ் மூலை?"

"அங்கயும் வந்துட்டுது."

டிவியை அணைத்தேன். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. தேதி என்ன என்று கேட்டேன். "சாமி படம் ஓரமா தெரியுது. தேதி இருக்கற எடத்துல பொகை" என்றார். எழுந்து அவர் எதிரில் போய் நின்றேன்.

"ஐயா, என்னைப் பாருங்க. நேரா என் முகத்தைப் பாருங்க."

பார்த்தார். நல்ல பெரிய கண். அது என் முகத்தின் மேல்தான் இருந்தது.

"உனக்கும் மூஞ்சி இல்லம்மா" என்றார்.

ரெண்டு டிவி கொடுத்தோம், மெக்கானிக்கை அனுப்பினோம், பெயர் வைத்துச் சிரித்தோம். புகை இவருக்கு மிச்சமிருக்கிற ஒரே கண்ணில் இருக்கிறது.

"ஐயா, இது டிவியில இல்ல. வேற எதைப் பார்த்தாலும் இப்படித்தானே தெரியுது? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"டிவி பாத்ததாலதாம்மா இது. சூரியனைப் பாத்துட்டு வந்தா கண்ணுல கொஞ்ச நேரம் கருப்பா நிக்காது? அந்த மாதிரி, கெட்டுப்போன டிவியைப் பாத்துப் பாத்து இது கண்ணுல ஒட்டிகிச்சி. நல்ல டிவி வந்தா போயிடும்னு பாத்தேன்." அதை அவர் சாதாரணமாகச் சொன்னார்.

உடனே மகளுக்குப் போன் செய்ய வேண்டும், கடைக்குச் சொல்ல வேண்டும் என்று பையில் கையை விட்டேன். நான் கிளம்புவதாக அவர் நினைத்துக்கொண்டார். எழுந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

"வெயிலு பொளக்குது. வாம்மா, மெயின் ரோட்டுல வுட்டுடறேன். வண்டி கீது."

வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. வந்தபோதே பார்த்தேன், யாருடையதோ என்று நினைத்திருந்தேன்.

"வண்டி ஓட்டறீங்களா?" என்று கத்தியே விட்டேன்.

"தெனமும்தான். மார்க்கெட்டுக்குப் போறேன், கோயிலுக்குப் போறேன். ரோட்டு ஓரமெல்லாம் பளிச்சினு தெரியுதும்மா. நடுவுல மட்டுந்தான் பொகை. ஆரன் அடிச்சிகினே போனா ஒண்ணும் பேஜார் இல்ல."

"ஐயா, நடுவுலதானே மனுஷங்க வருவாங்க!"

அவர் நின்றுவிட்டார். அவர் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஸ்கூல் இருக்கிறது. அந்த வழியாகத்தான் நான் வந்திருந்தேன். அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். ஒரு பெரியவர் கையிலிருந்து அப்படி எதையும் நான் பிடுங்கியதில்லை. அவர் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் யாரையோ, எதையோ நினைத்துக்கொண்டவர் போலத் தலையில் அடித்துக்கொண்டார். என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். "சாவி உங்க கையிலயே இருக்கட்டும். இன்னைக்குக் கடைக்கு வர வேண்டாம், அவர்கூட இருங்க" என்றார்.

கலைவாணிக்குச் செய்தேன். அவர் வெடித்தார். "என்னங்க இது? டிவியில குறைன்னு சொன்னா, எங்க அப்பா கண்ணுல குறைன்னு திருப்பிவிடறீங்களா? ரெண்டு டிவி குடுத்தீங்க, ரெண்டும் சரியில்ல. அதுக்கு இப்ப இப்படி ஒரு கதையா? இதைவிடக் கேவலமா ஒரு கடை செய்ய முடியாது!"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "திட்டுங்க மேடம். நேர்ல வந்து திட்டுங்க. ஆனா இப்பவே வாங்க" என்றேன்.

வந்தார். வண்டியை நிறுத்திய வேகத்திலேயே கோபம் தெரிந்தது. வாசற்படியில் வந்து நின்று, ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவையே முறைத்துப் பார்த்தார். அப்பாவும் நிமிர்ந்து நேராக அவர் முகத்தைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் நடுவில் நாலடி இடைவெளிகூட இல்லை.

"யாரும்மா? டிவி கம்பெனியா?" என்றார் ஏகாம்பரம். "உள்ள வாங்க. ஏற்கெனவே ஒரு பொண்ணு வந்து கீது. பேசிகினுதான் கீறோம்."

கலைவாணியின் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன். கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. "அப்பா" என்றார்.

"அட, கலாவா? வெளிச்சத்துல நின்னுகினா எப்படித் தெரியும்?"

கலைவாணி உள்ளே வந்து, ஜன்னல் வெளிச்சம் தன் மேல் விழுகிற மாதிரி அவர் காலடியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார். "இப்பப்பா?"

அவர் கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

ஆட்டோ பிடித்து மூவருமாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விழித்திரைக்கு நடுவில் ரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் பரவாமல் ஊசி போட்டு நிறுத்தலாம், போனது திரும்பி வராது, புகை தெரிய ஆரம்பித்த அன்றே வந்திருந்தால் நிறைய மிச்சம் பிடித்திருக்கலாம் என்றார். அப்பாவை உள்ளே அழைத்துப் போன பிறகு, வராந்தா பெஞ்சில் கலைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேராத்தான் சொல்லியிருக்கார் மேடம்" என்றார். "எங்க அப்பா வாழ்க்கையில முதல் தடவையா ஒரு விஷயத்தை நேரா சொல்லியிருக்கார். நான்தான் வேற அர்த்தம் எடுத்துக்கிட்டேன்."

அவர் செய்ததெல்லாம் நல்ல மகள் செய்வதுதான்.

மறுநாள் கடையில் சார் கூட்டம் எதுவும் போடவில்லை. பாபுவைக் கூப்பிட்டு, வழக்கமான குரலில், "கீழ்க்கட்டளையில என்ன பார்த்தீங்க பாபு?" என்றார்.

"டிவியைப் பார்த்தேன் சார்."

"அப்புறம்?"

பாபு தலையைக் குனிந்து அழுதான். சார் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகாமல் நாங்கள் பார்க்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "புகை தாத்தா" என்ற பெயரை அதன்பின் நான் யார் வாயிலும் கேட்கவில்லை. பாபு இன்றைக்குவரைக்கும் ஒரு வீட்டிலும் "நல்லா இருக்கா" என்று கேட்டதில்லை என்று எனக்குத் தெரியும். இனிமேல் அவனுக்குப் பதிலாக அந்த வீடியோப் பெண் கேட்பாள். ஏகாம்பரம் ஐயா மாதிரி ஒருவர், பாவம் பொண்ணு சிரிச்சிகினு கேக்குது என்று கட்டை விரலை அமுக்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். இதை எழுதும்போதும் எனக்குப் பதறுகிறது.

சில ஊசிகள் போட்ட பிறகு கலைவாணி கடைக்கு வந்தார். புகை பரவாமல் நின்றுவிட்டது. ஸ்கூட்டரை விற்றாகிவிட்டது. எதையும் நேராகப் பார்க்காமல் பக்கத்தில் பார்த்துப் பழகும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் புகை அந்தண்டை போய்விடும், பார்க்க வேண்டியது ஓரக்கண்ணில் தெரியும். "டிவியை வேணும்னா எடுத்துக்கிட்டுப் போயிடுங்கன்னேன். அவர் விடமாட்டேங்கறார். நீங்க வந்து ஒரு தடவை சரி பண்ணித் தர முடியுமா?" என்றார்.

போனேன். இதுவரை எந்த வீட்டிலும் அப்படி டிவி மாட்டியதில்லை. அவர் நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போட்டேன். டிவியைச் சுவரிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வலது பக்கமாக, கிட்டத்தில், ஒரு ஸ்டாண்டில் வைத்தேன். ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். "இந்த ரிப்பனை மட்டும் பாருங்க ஐயா. டிவி பக்கம் திரும்பவே கூடாது." ரிப்பன் கொஞ்சம் இப்படி, ஸ்டாண்ட் கொஞ்சம் அப்படி என்று வெகு நேரம் நகர்த்தினோம். கலைவாணி டிவிக்குப் பக்கத்தில் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்த்து வழிந்தது. நான் ரிமோட்டில் பிளாஸ்டர் ஒட்டி, நகப்பாலிஷ் வைத்து, ஊதிக் காயவைத்து அவர் கையில் கொடுத்தேன். டிவியை அணைத்துவிட்டு, அவரையே போடச் சொன்னேன்.

கட்டை விரலால் தடவி, சரியான பட்டனைப் பிடித்து அமுக்கினார். டிவி வந்தது. அவர் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்க நான் வாயைத் திறந்தேன்.

"இன்னா கலா" என்றார் ஏகாம்பரம், ரிப்பனிலிருந்து கண்ணை எடுக்காமல். "முன்னாடி முடியெல்லாம் இப்படி நரைச்சிப் போச்சு? எப்பலேர்ந்து?"

கலைவாணி ஒயரைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

"கையை எடும்மா" என்றார் அவர். "மறைக்குது."